ஒன்றரை நிமிடம்

மத்தியானம் ஒன்று நாற்பது.
யீஷூன் சந்திப்பு நிலையத்தில்
பேருந்து என் கைக்கு மாறும்.
இருக்கையில் இன்னும் சூடு இருக்கும்.
காலை ஷிப்ட் தியோ பூன் ஹாக்கின் சூடு.
நான் வருவதற்குள் அவர் கோப்பிக் கடைக்குப் போயிருப்பார்.
முகத்தைவிட அவருடைய முதுகுதான் எனக்குப் பழக்கம்:
ஆறடிக்குக் கொஞ்சம் மேல்,
இடப்பக்கம் லேசான சாய்வு,
கால் நீட்டி ஓட்டுகிற சுகவாசி.

நான் நாலடி பதினொன்று.

இரண்டு வருஷம்
அவருடைய உடம்புக்குள் உட்கார்ந்து ஓட்டினேன்.
பிரேக்கை எட்ட இடுப்பை முன்னால் தள்ளி,
பக்கக் கண்ணாடிக்குக் கழுத்தை ஒடித்து,
ஸ்டியரிங்கைத் திருப்ப ஒவ்வொரு வளைவிலும்
தோளைக் கழற்றி மாட்டி.

அடியில் ஒரு நெம்பு, பக்கத்தில் ஒரு குமிழ்,
ஸ்டியரிங்குக்குக் காலருகே ஒரு பொத்தான்.
எல்லாம் திருப்ப ஒன்றரை நிமிடம்.
ஆனால் அந்தச் சின்னத் திரை
கழித்தல் மூன்று என்று சிவப்பில் சொல்லும்.
யாருடைய மூன்று என்று சொல்லாது.
ஆகவே அந்த ஒன்றரையை
ஒவ்வொரு நாளும் சேமித்தேன்.

சேமிப்பெல்லாம் வலது தோளில் போய்ச் சேர்ந்தது,
வட்டியோடு.

தண்ணீரையும் சேமித்தேன்.
கடைசி நிறுத்தத்தில் ஓய்வு எட்டு நிமிடம்;
அதில் ஐந்தை செம்பவாங் சாலை தின்றுவிடும்.
மிச்சம் மூன்றில்
கழிவறைக்கு ஓடலாம், அல்லது மூச்சு விடலாம்.
புட்டி மூடி திறக்காமலே வீவக வீட்டுக்குத் திரும்பும்.

பலதுறை மருந்தகத்தில் நோரைடா என்ற பெண்
நாற்காலியைக் காட்டி, ஓட்டிக் காட்டுங்கள் என்றாள்.
வெறுங்காற்றில் ஸ்டியரிங் பிடித்து
ஒரு வலது திருப்பம் திரும்பினேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"இது யாருடைய இருக்கை?" என்று கேட்டாள்.

டிப்போவில் சொன்னேன்.
ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள்.
அதில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகைக்கிறார்.
அவருக்கு ஜன்னலுக்கு வெளியே சாலையே இல்லை.

தியோவுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தேன்,
கோபமாகத்தான்.
பதில் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
இருக்கைத் தண்டவாளத்தில் இரண்டு துண்டு வெள்ளை நாடா.
ஒன்றில் நீளமாக ஒரு குச்சி மனிதன்.
மற்றதில் குட்டையாக ஒருத்தி,
அவளுக்குக் கொண்டைகூட.
எத்தனை நாள் என்னைத் தூரத்தில் பார்த்து
அளந்தாரோ, தெரியாது.
அளவு இரண்டு விரற்கடை தப்பு.
மகளுடைய ஊதா நகப்பூச்சால்
சரியான இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
கொண்டையைத் தொடவில்லை.

அடுத்த நாள் ஏறினேன்:
இருக்கை ஏற்கெனவே ஊதாக் கோட்டில் நின்றது.
இறங்கும் முன் தன் நேரத்தில் தள்ளி வைத்திருக்கிறார்.

அன்று நள்ளிரவு, டிப்போவில்,
விளக்கெல்லாம் அணைத்த பிறகு
காலி இருக்கையை நெட்டை மனிதனின் கோட்டுக்குப்
பின்னால் தள்ளினேன்.
அடியிலிருந்து காற்று உஸ்ஸென்று இறங்கியது.
எனக்கும் அப்படி ஒன்று வந்தது.

மழை நாட்களில் தோள் இன்னும் பேசும்.
திரையும் மாறவில்லை, அதே சிவப்பு.

நேற்று எங்கள் வண்டி பட்டறைக்குப் போய்விட்டது.
மாற்று வண்டியில் கோடு இல்லை, கொண்டை இல்லை;
யாரோ முன்பின் தெரியாதவருடைய முதுகு.
நெம்பு. குமிழ். பொத்தான்.
கண்ணாடி இடம், கண்ணாடி வலம்.
புட்டியைத் திறந்து இரண்டு மடக்கு.
வெளியே வரிசையில் ஒருவர் கைக்கடிகாரம் பார்த்தார்.

கட்டுப்பாட்டு அறை அழைத்தது:
செண்பகா, ஏன் இன்னும் கிளம்பவில்லை?

இன்னும் உட்கார்ந்து முடியவில்லை என்றேன்.